படத்தில் யாரும் சாப்பிடவில்லை

ஒப்புரவு இல்லத்தில் சமையலறை கிடையாது. படத்தில் யாரும் சாப்பிடவில்லை என்பதுதான் காரணம்.

துணி காயப்போட இடம் கிடையாது. படத்தில் யாரும் துவைக்கவில்லை. கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. படத்தில் எல்லாக் கதவுகளும் திறந்தே கிடந்தன. தரையிலிருந்து முதல் மாடிக்கு ஏற மட்டும் முழுதாகப் பதினொரு நிமிடம் ஆகும், ஏனென்றால் படத்தின் நாயகி பதினொரு நிமிடம் படி ஏறினாள். அதற்கு மேலே மின்தூக்கி உண்டு. அதைப் பிடிக்க முதல் மாடிக்கு ஏற வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் கடலைப் பார்த்தபடி ஓர் அழுகை அறை இருந்தது; நாயகன் அப்படி ஓர் இடத்தில் நின்று வெகுநேரம் அழுதிருந்தான். கழிவறையையே காட்சிக்கட்டி இயந்திரம் விட்டுவிட்டது. குடியமர்வு வாரியம் பதறிப்போய், பின்பக்கம் தகரத்தில் அடித்துக் கொடுத்தது.

காட்சிக்கட்டி வந்தது நல்ல எண்ணத்தில்தான். வீட்டு வரைபடம் சாதாரண ஜனங்களுக்குப் புரிவதில்லை, புரியாத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆயுள் முழுக்கக் கஷ்டப்படுகிறார்கள் என்று முப்பது வருடம் விவாதித்தபின் வாரியம் வரைபடத்தையே ஒழித்தது. படம் என்றால் எல்லோருக்கும் புரியும். ஒரு படத்தை இயந்திரத்துக்குக் காட்டினால் போதும். மனிதர்கள் அதில் என்ன செய்கிறார்கள், எவ்வளவு நேரம் செய்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எதைத் தொடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, அந்த வாழ்க்கைக்கு ஏற்ற கட்டடத்தை இளகுகல்லில் வார்த்துவிடும். இளகுகல் ஓராண்டு வரை மின்னூட்டம் பட்டால் பிசைந்த மாவு மாதிரி நெகிழும். ஆண்டு முடிகிற அன்று இறுகும். அப்புறம் வெடி வைத்தாலும் அசையாது.

யோசனையில் பழுதில்லை. யார் படம் எடுப்பது என்ற இடத்தில்தான் சறுக்கியது.

கடல் நாவற்குப்பத்தை விழுங்கியபோது அங்கிருந்த நானூற்றுப் பன்னிரண்டு மீனவக் குடும்பங்களுக்கும் எண்ணூருக்கு வடக்கே ஒரு மேட்டில் ஒப்புரவு இல்லம் கட்ட முடிவானது. படம் எடுக்கப் பரஞ்சோதியை அழைத்தார்கள். ஏழு நாடுகளில் பரிசு வாங்கியவர். அவருடைய படங்களைப் பாராட்டாத அறிஞர் இல்லை, முழுதாகப் பார்த்த அறிஞரும் அதிகம் இல்லை. நல்ல கட்டடம் நல்ல மனிதனை உண்டாக்கும் என்பது அவர் கொள்கை. அவர் எடுத்த ‘சலனம் அடங்கிய பொழுது’ மூன்று மணி நாற்பது நிமிடம் ஓடியது. வெள்ளை உடை அணிந்தவர்கள் வெள்ளைக் கூடங்களில் மெதுவாக நடந்தார்கள், ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்கள், ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடவே இல்லை. காட்சிக்கட்டி அதை நம்பியது. இயந்திரத்துக்கு நம்புவதைத் தவிர வேறு என்ன தெரியும்?

குடியேறிப் பத்து மாதம் போனது. தெற்குப் பகுதியிலிருந்து முப்பது குடும்பங்கள் ஏற்கெனவே மூட்டை கட்டிக்கொண்டு கடலுக்கு வெகுதொலைவில் இருந்த முகாம்களுக்குப் போய்விட்டன. கடலை விட்டுப் போன மீனவன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. இன்னும் ஒரு வருடத்தில் நாவற்குப்பம் என்று சொல்லிக்கொள்ள நாலு பேர் இருப்பார்களா என்பதே அஞ்சலாட்சியின் கவலை. ஐம்பத்திரண்டு வயது, மீன் வியாபாரம், குடியிருப்போர் சங்கத்தின் தலைவி. கணவன் தேசப்பன் படகுக்காரன், அதிகம் பேசமாட்டான். அவன் பங்கையும் சேர்த்து அவளே பேசினாள்.

வாரியத்து அதிகாரி இன்பசேகரன் வந்து, கல் இறுக இன்னும் அறுபது நாள்தான் இருக்கிறது என்று அறிவித்தார். அஞ்சலாட்சி அவரை நேரே மூன்றாம் மாடி அழுகை அறைக்குக் கூட்டிப்போனாள். மீன்பெட்டிகள் மூன்றை அடுக்கி, அதன்மேல் அடுப்பு வைத்து, குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. காற்றுப் போக்கு இருந்த ஒரே இடம் அதுதான்.

“இன்னா சார் இது? சோறாக்க எடமில்ல, தொவைக்க எடமில்ல. அழுவ மட்டும் மாடிக்கு ஒரு ரூமு கீது. அழுவறதுக்கு எங்களுக்கு ரூமு எதுக்கு சார், நின்ன எடத்துலயே அழுவோம்.”

இன்பசேகரன் நல்ல மனிதர். விதிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார். கல் இறுகுமுன் குடியிருப்போர் ஒரு திருத்தப்படம் தரலாம். காட்சிக்கட்டி முதலில் அதற்குக் கையளவு மாதிரி வார்த்துக் காட்டும். பிடிக்காவிட்டால் படத்தை ஒரே ஒரு முறை திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது தருவதே முடிவு; அதற்கு மாதிரி கிடையாது, வார்த்து முடித்த மறுநாளே கல் இறுகிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் பழைய படத்தின் படைப்பாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

பரஞ்சோதி மறுநாளே வந்துவிட்டார், கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்வதற்காக. அறுபது வயது, மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை. பழக்கம் மாறச் சில வருடம் பிடிக்கும், கட்டடத்தின் உயரத்துக்கு மனிதர்கள் வளர வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். கூடியிருந்தவர்களுக்குக் கோபத்தைவிடச் சிரிப்பே அதிகம் வந்தது. அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. பத்து நாள் இங்கேயே தங்கிப் பாருங்கள், அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் நாங்கள் வாயைத் திறக்கமாட்டோம் என்றாள். கலைஞனுக்கு வீம்பு அதிகம். ஒப்புக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் அவர் சொர்க்கத்தில் இருந்தார் என்றே சொல்ல வேண்டும். கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார், ஜன்னலில் நின்றார், வெளிச்சம் சுவரில் இறங்குவதைப் பார்த்தார். மூன்றாம் நாள் பசித்தது. நான்காம் நாள் பதினொரு நிமிடப் படியில் இட்லிப் பொட்டலத்தோடு ஏறி வந்து, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். கூடத்தில் போன பத்துப் பேர் எட்டிப் பார்த்து, இன்னா சார் துன்றீங்க என்று அன்போடு விசாரித்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. அஞ்சலாட்சி கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனாள். எட்டாம் நாள், கூப்பிடாமலே, சாப்பாட்டு வேளைக்கு அழுகை அறை வாசலில் வந்து நின்றார்.

அன்றுதான் அவர் தன் கதையைச் சொன்னார். வியாசர்பாடிப் பக்கம் ஒரே அறை வீடு, ஒன்பது பேர். தனியாக நிற்க ஒரு மூலை கிடைக்காமல் வளர்ந்தவர். பாடப் புத்தகத்தைத் திறந்தால் யாராவது அதன்மேல் தட்டை வைத்துவிடுவார்கள். அமைதியும் வெற்றிடமும்தான் ஏழைக்குக் கிடைக்காத பெரிய செல்வம் என்று அவர் அப்போதே முடிவுகட்டிவிட்டார். அதைத்தான் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் அள்ளிக் கொடுத்திருந்தார். கேட்ட அஞ்சலாட்சிக்கு அவர்மேல் முதல் தடவையாக இரக்கம் வந்தது. தனக்குப் பசித்தது என்பதற்காக ஊருக்கே ஊட்டிவிட்ட மனிதர்.

“உங்களுக்கு இல்லாததைக் குடுத்தீங்க, தப்பில்ல. எங்களுக்கு இன்னா இல்லன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல சார்?”

பரஞ்சோதி பத்தாம் நாள் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. தன் படம் கலைக்கப்படுவதை இருந்து பார்க்க வேண்டும் என்று சொன்னார்.

திருத்தப்படத்தைக் குப்பத்துக்காரர்கள் தாங்களே எடுத்தார்கள். பரஞ்சோதியை அண்டவிடவில்லை, ஒரு முறை பட்டது போதாதா? இரண்டு வாரம் அமர்க்களப்பட்டது. கேமரா வருகிறது என்றதும் நம் ஜனங்கள் செய்வதையே அவர்களும் செய்தார்கள். பீரோவிலிருந்து பட்டுப்புடவை இறங்கியது. அழுக்குத் துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் போனது. கரி படிந்த அடுப்பைப் போர்வை போட்டு மூடினார்கள். மீன் நாற்றம் படத்தில் வராது என்று தெரிந்தும் ஊதுபத்தி கொளுத்தினார்கள். தேசப்பன் தன் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டான். சிரித்த முகமாக வரிசையாக உட்கார்ந்து, வந்தவர்களுக்குக் கலர் சோடா ஊற்றிக் கொடுத்து, நலம் விசாரித்தார்கள். எல்லாம் முடிந்ததும் ஊரே கைதட்டியது.

காட்சிக்கட்டி மாதிரியை வார்த்துத் தள்ளியது. கையளவுக் கட்டடத்தைச் சுற்றி நின்று எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு பெரிய வரவேற்பறை. கண்ணாடி அலமாரி, அதில் கலர் குடிக்கும் கோப்பைகள். சமையலறை இல்லை. துவைக்க இடமும் இல்லை. ஊதுபத்தி வைக்க மட்டும் எட்டு மாடம்.

அஞ்சலாட்சி தரையில் கையை ஊன்றிக்கொண்டாள். கிடைப்பதே ஒரே ஒரு மாதிரிதான், அதையும் பார்த்தாயிற்று. இறுக முப்பத்து நான்கு நாள். ஏற்கெனவே வடக்குப் பகுதியில் யார் யாரோ முகாமுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தது அவளுக்குத் தெரியும்.

பின்னால் நின்ற பரஞ்சோதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

“நீங்க நடிச்சுட்டீங்க” என்றார். “நானும் அதைத்தான் செஞ்சேன். மனுஷன் எப்படி இருக்கணும்னு நான் ஆசைப்பட்டேனோ அதை எடுத்தேன். விருந்தாளி கண்ணுக்கு எப்படித் தெரியணும்னு நீங்க ஆசைப்பட்டீங்களோ அதை நீங்க எடுத்தீங்க. பாவம், மெஷின் ரெண்டையும் நம்பிடுச்சு.”

அப்படியானால் நடிக்காமல் எப்படி எடுப்பது என்று யாரோ கேட்டார்கள். கேமராவைக் கண்டால் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்கிறதே. பரஞ்சோதியின் முகத்தில் பல வருடத்துக்குப் பிறகு ஒரு குறும்பு வந்தது. தன் படங்களைப் பற்றி உலகம் சொல்லும் ஒரே குறை அவை நகரவே நகராது என்பதுதான், அந்தக் குறையைத்தான் இப்போது உங்களுக்குத் தரப்போகிறேன் என்றார். வீட்டுக்கு ஒரு படக்கண். குளிக்கும் இடம், உடை மாற்றும் இடம் தவிர்த்து, சுவரில் ஒட்டி வைத்துவிட வேண்டியது. வெட்டு இல்லை, ஒத்திகை இல்லை, நிறுத்துவதும் இல்லை. எத்தனை நாள் என்று இன்பசேகரன் கேட்டார். மனிதன் மறக்கும் வரை என்று பரஞ்சோதி சொன்னார்.

முதல் நாள் எல்லோரும் தலை வாரிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் புருஷன்மார்கள் பெண்டாட்டிகளை வாங்க போங்க என்று அழைத்தார்கள். மூன்றாம் நாள் அந்த மரியாதை அவர்களுக்கே சலித்துவிட்டது. ஐந்தாம் நாள் அஞ்சலாட்சியின் பக்கத்து வீட்டுப் பாக்கியவதியும் அவள் நாத்தனாரும் படக்கண்ணுக்கு நேர் எதிரே நின்று ஒரு குடம் தண்ணீருக்காக முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். முடிந்ததும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். மீன் ஆய்ந்தார்கள், வலை உலர்த்தினார்கள், மாடிக்கு மாடி கத்திப் பேசினார்கள், பக்கத்து வீட்டுக்குக் குழம்புக் கிண்ணம் நீட்டினார்கள். இடமில்லாத இடத்தில் வேலைகள் நடந்துகொண்டே இருந்தன. பத்தாம் நாளுக்குப் பிறகு சுவரில் ஒரு கண் இருப்பது யாருக்கும் நினைவில்லை. பரஞ்சோதி மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து கிட்டத்தட்ட நானூறு சதுரங்களாகப் பிரிந்த திரையை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சில சமயம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் தேடிய உண்மை இத்தனை சத்தமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பத்தொன்பது நாள். வெட்டாமல் அப்படியே காட்சிக்கட்டிக்குக் கொடுத்தார்கள்.

மூட்டை முடிச்சோடு எல்லோரும் மேட்டுக்குக் கீழே மணலில் இறங்கி நின்றார்கள். மின்னூட்டம் பாய்ந்தது. ஏழு நாடுகளில் பரிசு வாங்கியவரின் அந்த வெள்ளைக் கட்டடம் முதலில் வியர்த்தது, பிறகு தோள் தளர்ந்தது, பிறகு ஒரேயடியாக இளகி உட்கார்ந்தது. பதினொரு நிமிடப் படி சுருண்டு பதினெட்டுப் படியானது. மூன்று நாள் கல் நகர்ந்து நகர்ந்து எழுந்தது. பறை முழங்கியது. சிறுசுகள் ஆட, இன்பசேகரனும் அலுவலகச் சட்டையோடு ஆடினார். முகாமுக்குப் போன முப்பது குடும்பங்களில் இருபத்திரண்டு, சேதி கேள்விப்பட்டு, மூட்டையோடு திரும்பி வந்து மணலில் நின்றன. அஞ்சலாட்சி அவர்களைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதாள், நின்ற இடத்திலேயே.

உள்ளே போனவர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வீடு சமையல் மேடை, அந்தந்த வீட்டுக்காரியின் இடுப்பு உயரத்துக்கு இம்மி பிசகாமல். மீன் ஆய அரிவாள்மனைப் பள்ளம், நீர் ஓடிக் கழிய வழி. காற்று வரும் பக்கத்தில் கொடி கட்ட வளையம். கதவுக்குத் தாழ்ப்பாள். பக்கத்து வீடுகளுக்கு நடுவே குழம்புக் கிண்ணம் போக ஒரு பொந்து. குழாயடியில் வட்டமாக ஒரு மேடை இருந்தது. அது எதற்கென்று யோசித்து, சண்டைக்குத்தான் என்று தெரிந்ததும் பாக்கியவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆண்கள் ஒளிந்து சீட்டாடிய இடத்தில் விசாலமாக ஒரு சீட்டாட்ட மண்டபமே எழுந்திருந்தது. அது யாருடைய மானத்தை வாங்கியது என்று சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் கடலைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு சாய்மேடை. தேசப்பனுடையது அவன் முதுகின் கூனலுக்குக்கூட இடம்விட்டு வளைந்திருந்தது. உட்கார்ந்து பார்த்தவன், ராஜா மாதிரி இருக்கு என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். அவன் வாயில் அது பெரிய சொற்பொழிவு. பரஞ்சோதிக்கும் அதே வீட்டில், அடுப்புக்கு அருகே, ஒரு சாய்மேடை இருந்தது. பத்தொன்பது நாளும் வேளை தவறாமல் வந்து உட்கார்ந்து சாப்பிட்டவர் ஆயிற்றே. ஏழு நாட்டுப் பரிசுகளைவிட அந்தக் கல் அவருக்கு இனித்தது.

நான்காம் நாள் கல் இறுகியது. தட்டினால் மணிபோல ஒலித்தது. வெளியூரிலிருந்து அறிஞர்கள் வந்து பார்த்துவிட்டு, மனிதன் தனக்காகத் தானே கட்டிக்கொண்ட முதல் வீடு இது என்று எழுதினார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பகல். கூடையை இறக்கி வைத்து, மீன் ஆய்ந்து, உலை வைத்து, துணி உலர்த்தி முடித்த அஞ்சலாட்சிக்குக் கால் வலித்தது. ஜன்னலோரச் சாய்மேடையில் தேசப்பன் இருந்தான். அடுப்போரத்தில் பரஞ்சோதி. அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள், உள்ளறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். நிற்க இடம் இருந்தது, குனிய இடம் இருந்தது, வேலை செய்யக் குத்துக்காலிடவும் இடம் இருந்தது. சும்மா உட்கார ஓர் இடம் இல்லை. பக்கத்து வீட்டுப் பொந்தில் குனிந்து பாக்கியவதியைக் கேட்டாள். அவள் வீட்டிலும் இல்லை. மூன்றாம் மாடி முழுக்க விசாரித்தார்கள், பிறகு நாலு மாடியும். எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

கீழ்த்தளத்தில், எதை ஏன் அப்படிக் கட்டியது என்று கேட்டால் எழுதிக் காட்டும் காட்சிக்கட்டியின் விளக்கச் சாளரம் இருந்தது. பெண்கள் கூட்டமாகப் போய் அதன் முன் நின்றார்கள். அஞ்சலாட்சி கேட்டாள். எழுத்துகள் நிதானமாக வந்தன:

‘அஞ்சலாட்சி, மூன்றாம் மாடி. பத்தொன்பது நாட்களில் வேலை எதுவுமின்றி அமர்ந்திருந்த நேரம்: ஏழு நிமிடம். இருக்கை தேவைப்படாதவர்.’

அவர்கள் நடிக்கவில்லை, மறைக்கவில்லை, வெட்டவும் இல்லை. உள்ளதை உள்ளபடி காட்டினார்கள், உள்ளதை உள்ளபடி கட்டிக் கொடுத்துவிட்டது. பாக்கியவதி தன் நேரத்தைக் கேட்டாள். நான்கு நிமிடம். இனி திருத்தப்படம் கிடையாது. இந்தக் கட்டடம் இருநூறு வருடம் இப்படியே நிற்கும், அதில் நாளைக்கு வாழப்போகிற பெண்களும் இப்படியே நிற்க வேண்டும் என்பது அஞ்சலாட்சிக்கு நெஞ்சில் குத்தியது. கோபம் இயந்திரத்தின்மேல் வரவில்லை. அது பொய் சொல்லவில்லையே. வந்த கோபத்தை எடுத்துக்கொண்டு அவள் பதினெட்டுப் படியும் ஏறினாள். மின்தூக்கிக்குக் காத்திருக்கக்கூடப் பொறுமை இல்லாமல் அதற்கு மேலும் படியிலேயே போனாள்.

தேசப்பன் முன்னால் போய் நின்றாள்.

“எந்திரி.”

அவன் ஏன் என்று கேட்க வாயெடுத்தான், முகத்தைப் பார்த்தான், எழுந்துவிட்டான். அஞ்சலாட்சி உட்கார்ந்தாள். கல் அவன் முதுகுக்கு வளைந்தது, அவள் முதுகில் கொஞ்சம் உறுத்தியது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் இன்னும் நன்றாகச் சாய்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே கடல் இத்தனை பெரிதாகத் தெரியும் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. நாலு மாடியிலும் அடுத்தடுத்து “எந்திரி” என்ற குரல் கேட்டது. கடைசியில் பாக்கியவதியின் குரல், பொந்து வழியாக, எல்லாவற்றையும் விடச் சத்தமாக.

அடுப்பில் குழம்பு கொதித்துப் பொங்கியது. தேசப்பன் கரண்டியைத் தயக்கத்தோடு எடுத்தான்.

“எவ்ளோ நேரம் கிண்டணும்?”

“பத்தொம்போது நாளு.”

பரஞ்சோதி இதைப் படம் பிடித்தே ஆக வேண்டும் என்று பரபரத்து எழுந்தார். படமெல்லாம் அப்புறம் எடுக்கலாம், வெங்காயத்தை உரியுங்கள் என்று அஞ்சலாட்சி இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். உலகப் புகழ்பெற்ற அந்தக் கலைஞர் கத்தியோடு சமையல் மேடைக்கு வந்தார். மேடை அவள் உயரத்துக்கு வார்த்தது. இரண்டு ஆண்களும் முதுகை வளைத்துக் குனிந்துதான் வேலை செய்ய வேண்டியிருந்தது.